வேட்பாளரைத் தெரிவு செய்வது யார்? ஊவாவிலிருந்து சில கேள்விகள்

2019 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த நோன்புப் பெருநாளை நாம் பயத்தோடு கழித்தோம். அதனால் இந்தப் பெருநாளையாவது கொஞ்சம் நிம்மதியாகக் கொண்டாடுவோம் என்றிருந்தோம். தொழுகை முடிந்து, உழ்ஹிய்யா வேலைகளும் ஒருவாறு முடிந்து, இறைச்சிப் பொதிகளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்பிக் கொண்டிருந்த நேரம், பாதையில் பச்சைக் கொடி கட்டிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதுளை நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சஜித் பிரேமதாசவை ஜனாதிபதி வேட்பாளராக்க வேண்டும் என்று கோரி, அமைச்சர் ஹரீன் பெர்னாண்டோ பதுளையில் ஏற்பாடு செய்திருந்த கூட்டம் அன்றுதான். அதற்கு முதல் நாள்தான் பொதுஜன பெரமுன தனது வேட்பாளராக கோட்டாபய ராஜபக்ஷவை அறிவித்திருந்தது.

நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன், ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்று வாசலில் நின்றபடியே அவசரப்பட்டார்.

“தோட்டத்துக்கு பஸ் வந்திருக்கு சேர். கூட்டத்துக்குப் போயிட்டு அந்தியில வர்றேன்.”

“போயிட்டு வாங்கண்ணே. என்னத்துக்காம் கூட்டம்?”

“சஜித் ஐயாவத்தான் போடணும்னு முடிவெடுக்கிற கூட்டமாம். அங்க வச்சி எங்ககிட்ட வோட்டுக் கேப்பாங்களா சேர்?”

இல்லையண்ணே, அந்த முடிவை கோட்டை சிறிகொத்தாவில் கட்சியின் செயற்குழு எடுக்கும், உங்களிடம் யாரும் வாக்குக் கேட்க மாட்டார்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப நாங்க எதுக்கு சேர் போறோம்?”

பத்தாம் வகுப்புக்குக் குடியியற் கல்வி படிப்பிக்கும் எனக்கு அந்த இடத்தில் சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாகிவிட்டது. அந்தக் கேள்வி நமது சமூகத்துக்கும் உரியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2019 செப்டெம்பர் நிலை

ஜனாதிபதித் தேர்தல் 2019 நவம்பர் 16ஆம் திகதி என்று குறிக்கப்பட்டிருந்தது. வேட்புமனுத் தாக்கல் ஒக்டோபர் 7ஆம் திகதி. பொதுஜன பெரமுனவின் வேட்பாளர் தெரிந்திருந்தது. மக்கள் விடுதலை முன்னணியின் தலைமையில் அமைந்த தேசிய மக்கள் சக்தி, ஓகஸ்ட் 18இல் காலிமுகத்திடலில் அனுர குமார திசாநாயக்கவை நிறுத்தியது. அப்போது ஆட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாத்திரம் வேட்பாளர் இருக்கவில்லை.

மூன்று பெயர்கள் பேசப்பட்டன. கட்சித் தலைவரும் அப்போதைய பிரதமருமான ரணில் விக்கிரமசிங்க, அப்போதைய பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச, அப்போதைய சபாநாயகர் கரு ஜயசூரிய. பதுளைக்குப் பிறகு மாத்தறை என்று சஜித் அணி கூட்டங்களை நடத்திக்கொண்டு போனது. பாராளுமன்றக் குழுவும் செயற்குழுவும் கூடி இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அந்த அணி கேட்டது. கட்சித் தலைமையோ நாளைத் தள்ளிப் போட்டது. செப்டெம்பர் 19ஆம் திகதி வியாழக்கிழமை அவசர அமைச்சரவைக் கூட்டம் கூட்டி, நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்பது பற்றிப் பேசினார்கள். தேர்தல் வர்த்தமானி வெளிவந்த மறுநாள் அந்த ஞானம் ஏன் வந்தது என்று கேட்காதவர் இல்லை. அந்த முயற்சி அன்றே சரிந்தது.

இந்தக் கட்சிக்கு இது புதிய வியாதியல்ல. 1991இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை கொண்டுவரப் போய், லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கட்சியை விட்டு வெளியேற்றப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கினார்கள். மூன்று வருடத்தில், 1994இல், பதினேழு வருட ஆட்சி போனது. தோற்ற பிறகும் எதிர்க்கட்சித் தலைவர் யார் என்பதில் போட்டி. திரும்பி வந்த காமினி அதில் ரணிலை மிகச் சொற்ப வாக்குகளால் வென்றார். அவர் அந்த ஒக்டோபரில் தொட்டலங்கவில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பிறகு தலைமை ரணிலிடம் போனது. 2019 வரை இருபத்தைந்து வருடமாக அது அவரிடம்தான் இருந்தது. 2010இலும் 2015இலும் வெளியே இருந்து ஒருவரைக் கொண்டுவந்து அன்னம் சின்னத்தில் நிறுத்தினார்கள். யானைச் சின்னத்தில் கட்சிக்காரர் ஒருவர் கடைசியாக ஜனாதிபதித் தேர்தலில் நின்றது 2005இல்.

பதினான்கு வருடமாகச் சொந்த வேட்பாளரைத் தெரிவு செய்து பழகாத கட்சி, தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அதைச் செய்ய முயன்றது. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

கூட்டம் வேறு, வாக்கு வேறு

அதே நாட்களில் அமெரிக்காவிலும் ஒரு கட்சி ஜனாதிபதி வேட்பாளரைத் தேடியது. ஜனநாயகக் கட்சியில் இருபதுக்கும் மேற்பட்டோர் களத்தில் இறங்கினார்கள். 2019 செப்டெம்பரில் ஹூஸ்டனில் நடந்த விவாதத்தில் பத்துப் பேர் ஒரே மேடையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். 2020 பெப்ரவரியில் அயோவா மாநிலத்தில் தொடங்கி, மாநிலம் மாநிலமாகச் சாதாரண வாக்காளர்கள் தங்கள் கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்களிக்க இருந்தார்கள். சோளம் பயிரிடும் விவசாயி, தன் ஊருக்கு வரும் வேட்பாளரிடம் சோளத்தின் விலையைப் பற்றி நேருக்கு நேர் கேட்கிறார். அந்த முறையிலும் பணத்தின் விளையாட்டு உண்டு. ஆனால் கட்சி ஆட்களின் மனதை மாற்ற வேண்டுமானால் வாக்காளனிடம் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருக்கிறது.

நம் நாட்டில் எந்தப் பெரிய கட்சியிலும் அப்படியொரு கட்டாயம் இல்லை. பொதுஜன பெரமுனவில் ஒரு குடும்பத்துக்குள் முடிவானது. ஐக்கிய தேசியக் கட்சியில் செயற்குழு முடிவெடுக்கும், மாநாடு கையை உயர்த்தும். இரண்டுக்கும் இடையில் வாக்காளனுக்குக் கிடைப்பது பஸ்ஸில் ஓர் ஆசனம் மட்டுமே.

பதுளைக் கூட்டம் பெரிய கூட்டம்தான். அதைக் கண்டு கட்சித் தலைமை கலங்கியதும் உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் போன தோட்டத் தொழிலாளி எவரும் மேடையில் நின்றவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க ஒலிவாங்கியும் இல்லை. தலை எண்ணிக்கையாக அவர் அங்கே பயன்பட்டார். “மக்கள் கேட்கிறார்கள்” என்று கொழும்பில் பேரம் பேச அந்த எண்ணிக்கை போதும். மக்கள் என்ன கேட்டார்கள் என்பது அந்தப் பேரத்தில் வரவில்லை.

மூவரையும் நிறுத்துப் பார்த்தால்

ஊவாவில் இருந்து பார்க்கும் ஒரு முஸ்லிம் வாக்காளனாக, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவனாக இந்த மூவரையும் பார்க்கிறேன். வேறு இடத்தில் இருப்பவருக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

ரணில் விக்கிரமசிங்கவிடம் அனுபவம் இருக்கிறது, உலகத் தொடர்பு இருக்கிறது. மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பிரதமராக இருந்தபோதுதான் வந்தது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதேநேரம் அந்தக் குடியுரிமையை 1948இல் பறித்ததும் இதே கட்சிதான் என்பதையும் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறேன். முஸ்லிம்கள் விடயத்தில் அவருக்கு ஒரு பெரிய கடன் நிலுவையில் இருக்கிறது. 2018 மார்ச்சில் திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஓர் இளைஞன் உயிர்விட்டபோது, சட்டம் ஒழுங்கு அமைச்சு அவரிடம்தான் இருந்தது. சில நாட்களில் அந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கைமாற்றினார். கலவரக்காரர்களில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று கேட்டால் இன்றும் தெளிவான பதில் இல்லை. இத்தோடு, 1999இலும் 2005இலும் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றவர் என்ற கணக்கும் இருக்கிறது. 2005இல் வித்தியாசம் இரண்டு இலட்சம் வாக்குகூட இல்லை என்பது அவர் ஆதரவாளர்களின் ஆறுதல்.

சஜித் பிரேமதாச 2000ஆம் ஆண்டிலிருந்து அப்போது வரை ஹம்பாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ராஜபக்ஷமாரின் சொந்த மாவட்டத்தில் நின்று பிடித்தவர். அப்போதைய வீடமைப்பு அமைச்சராக மாதிரிக் கிராமங்களைத் திறந்துகொண்டே போனார். கிராமத்துச் சிங்கள வாக்கைக் கொஞ்சமாவது திருப்பக் கூடியவர் இவர் ஒருவர்தான் என்பது பதுளையில் யாரிடம் கேட்டாலும் வரும் பதில். தோட்டங்களில் அவருடைய தகப்பனாரின் பெயருக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அந்தப் பெயரோடு சேர்த்தே முதியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் தகப்பனுக்குரிய மரியாதையைப் பார்த்து மகனுக்கு வாக்களிப்பது, ஆள்பெயரைப் பார்த்துப் பரீட்சைப் புள்ளி போடுவதற்குச் சமம். 2019 மே மாதத்தில் நமக்கு நடந்தவை பற்றியும், அதிகாரப் பகிர்வு பற்றியும், தோட்டக் காணி பற்றியும் அவருடைய நிலைப்பாட்டை எழுத்தில் நான் இன்னும் காணவில்லை.

கரு ஜயசூரிய 2018 ஒக்டோபர் 26 முதல் நடந்த ஐம்பது நாள் குழப்பத்தில் பாராளுமன்றத்தைக் காத்து நின்றவர். மிளகாய்த் தூள் வீசப்பட்ட சபையில் பொலிஸார் சூழ நின்று சபையை நடத்தியதை நம் பிள்ளைகளும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நிறைவேற்று அதிகாரத்தை ஒழிப்பதற்காக மாத்திரம் வரும் வேட்பாளராக அவரைச் சிவில் அமைப்புகள் முன்வைத்தன. நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2007இல் ஒரு குழுவோடு மஹிந்த ராஜபக்ஷவின் அரசாங்கத்தில் சேர்ந்து பின்னர் திரும்பி வந்தவர் என்பதையும் மறக்கவில்லை. தோட்டத்தில் அவரை அறிந்தவர்கள் குறைவு. அறியாதவருக்கு இரண்டு மாதத்தில் வாக்குச் சேர்ப்பது இலேசான வேலையல்ல.

ஆக மூவரிலும் குறை உண்டு, மூவரிலும் நிறை உண்டு. நம் சமூக வலைத்தளங்களில் நடக்கும் சண்டை இந்த நிறை குறைகளைப் பற்றியதல்ல. “கோட்டாவைத் தோற்கடிக்கக் கூடியவர் யார்?” என்ற ஒரேயொரு கேள்வியைப் பற்றியது. அந்தக் கேள்வி முக்கியமானதுதான். 2014 ஜூனில் அளுத்கமையும் பேருவளையும் எரிந்தது யாருடைய ஆட்சியில், அப்போது பாதுகாப்புச் செயலாளர் யார் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் இந்த ஒரு கேள்வியோடு மாத்திரம் நின்றுவிட்டால், எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் நமக்கு எதையும் சொல்லத் தேவையில்லை என்றாகிவிடும். பயத்தில் போடும் வாக்குக்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

மே மாதத்தை யாரிடம் கேட்பது?

மே 13ஆம் திகதி குளியாப்பிட்டி, மினுவாங்கொடை, நாத்தாண்டிய பகுதிகளில் நடந்தவற்றை எழுதத் தேவையில்லை. கொட்டாரமுல்லையில் ஒரு குடும்பத் தலைவர் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஹசலகையில் ஒரு சகோதரி, கப்பலின் சுக்கான் சக்கரம் பதித்த உடை அணிந்திருந்ததற்காக, அது தர்மச் சக்கரம் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அவரை மஹியங்கனை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பிணை கிடைக்கும்வரை இரண்டு வாரத்துக்கும் மேல் விளக்கமறியலில் இருந்தார்.

மே மாத இறுதியில் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையோ ஒசரியோ அணிய வேண்டும் என்றது. எதிர்ப்பு வந்த பிறகு திருத்தினார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் அபாயா அணிந்த நம் ஆசிரியைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, பத்து வருடமாகப் படிப்பித்த பாடசாலையின் வாசலில் அரை மணித்தியாலம் நிறுத்தி வைக்கப்பட்டார். உள்ளே அவருடைய வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் சொன்னது இது: “அவங்க நிப்பாட்டினது கூடப் பரவாயில்ல சேர். பிள்ளையள் பாத்துக்கொண்டிருந்ததுதான்.”

இவை எல்லாம் எதிர்க்கட்சியின் ஆட்சியில் நடக்கவில்லை. நாம் 2015இல் பெருவாரியாக வாக்களித்துக் கொண்டுவந்த ஆட்சியில் நடந்தன. பொலிஸும் பாதுகாப்பும் ஜனாதிபதியிடம் இருந்தன, நாங்கள் என்ன செய்வது என்று ஐக்கிய தேசியக் கட்சியினர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. சுற்றறிக்கை ஜனாதிபதியின் அமைச்சிலிருந்து வரவில்லை என்பது மற்றப் பாதி.

281 வாக்கு

நமக்கு இதையெல்லாம் கேட்கும் பலம் இருக்கிறதா? பதுளை மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவ, சில்மியாபுர, பசறை, லுணுகலை என்று சிதறி வாழ்கிறோம். தோட்டத் தமிழ் மக்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில். 2015 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் வடிவேல் சுரேஷ், அ. அரவிந்த்குமார் என இரு தமிழர் தெரிவானார்கள். முஸ்லிம் ஒருவரும் இல்லை. 2014 ஊவா மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸும் மக்கள் காங்கிரஸும் சண்டையை மறந்து பதுளையில் ஒன்றாகக் கேட்டும் ஓர் ஆசனம் கிடைக்கவில்லை. தனித்துக் கேட்டு ஆசனம் எடுக்கும் மாவட்டம் அல்ல இது.

ஆனால் ஜனாதிபதித் தேர்தலின் கணக்கு வேறு. 2015 ஜனவரியில் பதுளை மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேன பெற்றது 249,524 வாக்குகள். மஹிந்த ராஜபக்ஷ பெற்றது 249,243. வித்தியாசம் 281. பதுளை நகரில் ஒரு ஜும்ஆவுக்கு வரும் கூட்டம் இதைவிட அதிகம். ஒரு நடுத்தரத் தோட்டத்தின் ஒரு பிரிவில் இருக்கும் வாக்குகள் இதைவிட அதிகம். பக்கத்து மொனராகலையில் மஹிந்த பெரிய வித்தியாசத்தில் வென்றபோது, பதுளையைப் பச்சைப் பக்கம் சாய்த்தது நாமும் தோட்ட மக்களும்தான்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, 2014 செப்டெம்பரில் நடந்த அந்த ஊவாத் தேர்தலையும் நினைத்துப் பாருங்கள். பாராளுமன்றப் பதவியைத் துறந்து ஹரீன் பெர்னாண்டோ முதலமைச்சர் வேட்பாளராக இறங்கினார். முந்திய சபையில் 25 ஆசனம் வைத்திருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 19க்கு இறங்கியது. ஐக்கிய தேசியக் கட்சி 7இலிருந்து 13க்கு ஏறியது. மஹிந்தவைத் தோற்கடிக்க முடியும் என்ற நம்பிக்கை நாட்டுக்கு வந்தது ஊவாவிலிருந்துதான். 2019இல் சஜித்துக்கான முதற்கூட்டத்தைப் பதுளையில் வைத்ததும் தற்செயல் அல்ல. ஊவாவின் பெறுமதி கொழும்புக்குத் தெரிந்திருக்கிறது. ஊவாவில் இருக்கும் நமக்குத்தான் இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

கேட்க வேண்டிய நேரம்

1988ஐக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். அந்த டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாசவுக்குக் கடும் போட்டி. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அப்போது அவரிடம் ஒன்றைக் கேட்டார். பாராளுமன்றத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெற, கட்சியொன்று பெற வேண்டிய குறைந்தபட்ச வாக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை என்றிருந்தது. அதை ஐந்தாக்க வேண்டும் என்றார். வாக்குறுதியோடு அவர் திருப்திப்படவில்லை. தேர்தலுக்கு முன்பே 15ஆவது திருத்தமாக அது நிறைவேறியது. பிரேமதாச 50.43 வீதத்தில் வென்றார். இன்று நாட்டில் சிறு கட்சிகள் உயிரோடு இருப்பதற்கு அந்த ஐந்து வீதம் ஒரு முக்கிய காரணம். மக்கள் விடுதலை முன்னணிக்கும் அதன் பயன் கிடைத்தது. அதாவது, நமக்காகக் கேட்டது நாட்டுக்கும் நன்மையானது.

அவர் கேட்ட நேரத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வேட்பாளருக்கு நாம் தேவைப்பட்ட நேரம் அது.

2019 செப்டெம்பரும் அப்படியொரு நேரம். சிறுபான்மைக் கட்சிகளின் ஆதரவைப் பெற்று வாருங்கள் என்று கட்சித் தலைவர் பிரதித் தலைவரிடம் சொன்னதாகச் செய்திகள் வந்தன. சஜித்தும் முஸ்லிம், தமிழ்க் கட்சித் தலைவர்களைச் சந்தித்து வந்தார். இதன் பொருள் என்ன? வேட்பாளர் தெரிவில் நமக்கு வாக்கு இல்லை என்று பெருநாளன்று நான் அந்தத் தகப்பனிடம் சொன்னது முழுச் சரியில்லை. அவருக்காக ஒரு வாக்கு மனோ கணேசன், திகாம்பரம், இராதாகிருஷ்ணன் ஆகியோரின் தமிழ் முற்போக்குக் கூட்டணியிடம் இருந்தது. நமக்காக ஒரு வாக்கு ரவூப் ஹக்கீமிடமும் ரிஷாத் பதியுதீனிடமும் இருந்தது. ஜூன் 3ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகிய அன்று, கட்சி பாராமல் ஒன்றாக நின்றால் என்ன பலம் என்பதை அவர்களே காட்டினார்கள்.

அந்த வாக்கைக் கொடுக்க அவர்கள் என்ன கேட்கிறார்கள்? இதை நாம் அறிய வேண்டும். அமைச்சுப் பதவிகளின் எண்ணிக்கையா, பொதுத் தேர்தலில் ஆசன ஒதுக்கீடா, அல்லது நம் வாழ்க்கையைத் தொடும் ஏதாவதா? வேட்பாளர் அறிவிக்கப்பட்ட மறுநாள் இவர்கள் மேடையேறி “சமூகத்தின் பாதுகாப்புக்காக இவரை ஆதரிக்கிறோம்” என்பார்கள். அப்போது கேட்டுப் பயனில்லை. இந்தச் சில நாட்களில் கேட்க வேண்டும்.

ஊவாவிலிருந்து நான் கேட்கச் சொல்பவை இவை.

1. திகனையிலும் மே 13இலும் நடந்த வன்முறைகளுக்கு வழக்கு, தண்டனை, முழுமையான நட்டஈடு. ஆட்சிக்கு வந்து எத்தனை மாதத்துக்குள் என்று திகதியோடு.

2. அரச அலுவலகத்திலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் பெண்ணின் உடையைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்துவதற்கு எதிராகத் தெளிவான, எழுத்து மூலமான அறிவுறுத்தல்.

3. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம். ஆயிரம் ரூபா கேட்டவர்களுக்கு 2019 ஜனவரியில் கிடைத்த ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ரூபாவாக இருந்தது. அதற்கு மேல் அரசாங்கம் தருவதாகச் சொன்ன 50 ரூபா 2019 செப்டெம்பர் வரை கைக்கு வரவில்லை. ஐம்பது ரூபாவைத் தர முடியாத அரசாங்கத்தின் வேட்பாளர் ஆயிரத்தை எப்படித் தரப் போகிறார் என்று விளக்க வேண்டும்.

4. லயத்தை விட்டு வெளியேற ஏழு பேர்ச் காணியும் அதற்கு உறுதியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடியதை ஊவா மறக்கவில்லை. அபாயம் என்று அடையாளமிட்ட இடங்களில் இன்னும் மக்கள் இருக்கிறார்கள்.

5. மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி. பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ்தான் வருகின்றன. ஊவா சபையின் காலமும் 2019இல் முடிய இருந்தது. ஏனைய மாகாணங்களைப் போல இங்கும் ஆளுநரின் ஆட்சி என்றால், என் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவதும் நான்காவதும் முஸ்லிம்களின் பிரச்சினை இல்லையே என்று சிலர் கேட்கக் கூடும். பதுளையிலும் ஹாலி எலயிலும் பசறையிலும் நம் கடைகளில் சாமான் வாங்குவது யார்? சம்பளம் போட்ட சனிக்கிழமை நம் வியாபாரத்தைப் பாருங்கள், மற்ற நாட்களையும் பாருங்கள். மே மாதத்தில் நம் கடைகளுக்குப் போகாதே என்று துண்டுப்பிரசுரம் போட்டபோது, வழமைபோல வந்தவர்களில் தோட்டத்து மக்களும் இருந்தார்கள். தனித்தனியே நின்றால் இருவரின் வாக்கும் யாரோ ஒருவரின் பையில் ஏற்கனவே இருக்கும் வாக்குகள்தான். 281இன் கணக்கு இருவரும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

வாக்குச் சீட்டில் ஒரு சிறு விடயம்

எந்தப் பெயர் வந்தாலும், வாக்களிப்பில் நாம் பயன்படுத்தாத ஓர் உரிமை இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் மூன்றுக்கு மேற்பட்டோர் போட்டியிட்டால், 1 என்று முதல் விருப்பத்தையும் 2, 3 என்று அடுத்த விருப்பங்களையும் இடலாம். எவருக்கும் ஐம்பது வீதத்துக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர ஏனையோருக்கு விழுந்த வாக்குகளில் உள்ள அடுத்த விருப்பங்கள் எண்ணப்படும். 2015 வரை நடந்த ஏழு தேர்தல்களிலும் அதற்குத் தேவை ஏற்படவில்லை. 2019இல் மூன்று முனைப் போட்டி என்றால் ஏற்படலாம் என்றிருந்தது. மனதுக்குப் பிடித்தவருக்குப் போட்டால் வாக்கு வீணாகும் என்ற பயத்தை இந்த ஏற்பாடு கொஞ்சம் குறைக்கும். பள்ளிவாசல்களிலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களிலும் இதை விளங்கப்படுத்தலாம். யாருக்குப் போடுவது என்று நாம் சொல்லத் தேவையில்லை, எப்படிப் போடுவது என்று சொன்னால் போதும்.

போன வாரம் அந்தத் தகப்பன் பிள்ளையின் தவணை அறிக்கையில் கையெழுத்து வைக்க வந்தார். மேலே எழுதிய ஐந்தையும் வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, “ஒன்னு விட்டுட்டீங்க சேர்” என்றார்.

“என்ன?”

“அன்னைக்கு கூட்டத்துல அவ்வளவு பேர் இருந்தோம். நாங்க என்ன கஷ்டத்துல இருக்கோம்னு ஒருத்தர் மேல ஏறிச் சொல்ல அஞ்சு நிமிசம் குடுத்திருக்கலாம். அதையும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். இனி நடக்கும் கூட்டங்களுக்கு, அது யாருடைய கூட்டமாக இருந்தாலும், நம் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் தோட்டத் தலைவர்மாரும் இந்த ஐந்து நிமிடத்தையே முதல் நிபந்தனையாக வைத்தால் என்ன? இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேச நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் பேசுங்கள். வேட்புமனுத் தாக்கல் 2019 ஒக்டோபர் 7ஆம் திகதி என்றிருந்தது.